திரைக்கு ஒரு திரை

'திரை' என்னும் சொல் தமிழில் நெடுங்காலம் மறைக்கும் துணியையே குறித்து வந்தது. கூத்துக் களத்தில் வேடம் கட்டியவரை அவையோர் கண்ணில் படாமல் மறைத்துப் பிடிப்பதும், அலங்காரம் முடியும்வரை கோயில் சந்நிதியை மூடியிருப்பதும் திரைதான். திரைப்படம் வந்த பிறகு அதே சொல் காட்சியைத் தாங்கிக் காட்டும் பரப்புக்கும் பெயராகி, அடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடி முகத்துக்கும் வழங்கலாயிற்று. மறைப்பதற்கு இருந்த சொல் காட்டுவதற்கு ஆகிவிட்டபின், வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்த இந்தப் புதிய திரையைப் பார்க்காத நேரத்தில் எதைக் கொண்டு மறைப்பது என்ற கேள்வி எழுந்தது. மரத்தச்சர்களும் வடிவமைப்பாளர்களும் பொறியாளர்களும் காலந்தோறும் அதற்குக் கண்ட விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கருவியின் உடலமைப்பு மாறிய கதையும், அதன் முன் மனிதர் அமரும் நேரம் மாறிய கதையும் ஒன்றாகவே தெரிகின்றன.

கொம்பை விழுங்கிய பெட்டி

கருவியை மரச்சாமானுக்குள் ஒளித்து வைக்கும் பழக்கம் தொலைக்காட்சிக்கு முன்பே கிராமபோனில் தொடங்கிவிட்டது. இசைத்தட்டின் மெல்லிய அதிர்வைப் பெருக்கிக் கேட்கச் செய்வதற்காக, தொடக்கக் கால கிராமபோன்களில் ஊமத்தம்பூப் போல விரிந்த ஒரு கொம்பு மேலே துருத்திக்கொண்டு நின்றது. தூசு சேர்வதும் இடத்தை அடைப்பதும் அதன் குறைகள். அமெரிக்காவின் விக்டர் டாக்கிங் மெஷின் நிறுவனம் 1906இல் வெளியிட்ட விக்ட்ரோலா என்னும் மாதிரியில், அந்தக் கொம்பு கீழ்நோக்கி மடக்கப்பட்டு மரப்பெட்டியின் வயிற்றுக்குள் போயிற்று. பெட்டியின் முகப்பில் இருந்த இரண்டு சிறு கதவுகளை விரியத் திறந்தால் ஓசை பெருகும், ஒருக்களித்துச் சாத்தினால் தணியும் என்பதால், அழகுக்கு வைத்த கதவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் விசையாகவும் பயன்பட்டது. 200 டாலர் விலையில் வந்த அந்தப் பெட்டி, இயந்திரத்துக்குப் பணம் கொடுப்பவர் அது நல்ல மரச்சாமானாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்பதை வணிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1920களிலும் 1930களிலும் வானொலிப் பெட்டிகள் அதே பாதையில் சென்று, கால் வைத்த மரப்பேழைகளாகக் கூடத்தில் இடம்பிடித்தன. அவற்றைச் செய்து தேர்ந்த பட்டறைகளிடமே தொலைக்காட்சிப் பெட்டியைச் செய்யும் பணியும் வந்து சேர்ந்தது.

கண்ணாடியில் தெரிந்த படம்

பழைய தொலைக்காட்சியின் உயிர்நிலை, பழுது பார்ப்பவர்கள் 'பிக்சர் டியூப்' என்று சொல்லும் படக்குழாய். காற்று நீக்கப்பட்ட புனல் வடிவக் கண்ணாடிக் குழாயின் ஒடுங்கிய முனையிலிருந்து பாயும் மின்கற்றை, அகன்ற முனையின் உட்புறம் பூசியுள்ள ஒளிரும் பூச்சின் மேல் வரிவரியாக ஓடிப் படத்தை எழுதுகிறது. அந்தக் கற்றையை எவ்வளவு அகலமாக விலக்க முடியும் என்பதை விலகு கோணம் என்பர். சுவரில் டார்ச் விளக்கின் வட்டம் பெரிதாக விழ வேண்டுமானால், ஒன்று விளக்கைத் தள்ளிப் பிடிக்க வேண்டும், அல்லது அகலமாக விரியும் விளக்காக இருக்க வேண்டும். படக்குழாய்க்கும் இதே கணக்குதான். விலகு கோணம் சிறிதாக இருந்த 1930களில், திரை சிறிது பெரிதானாலும் குழாய் மிக நீண்டுபோயிற்று.

1936 நவம்பர் 2ஆம் நாள் லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி தன் ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில், நீண்ட குழாயைப் படுக்கவைத்தால் பெட்டி சுவரிலிருந்து கூடத்தின் நடுவுக்கே வந்துவிடும் என்ற நிலை இருந்தது. எச்எம்வி, மார்க்கோனிபோன் ஆகிய பெயர்களில் விற்ற பெட்டிகளில் இதற்கு ஓர் எளிய வழி காணப்பட்டது: குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, திரை கூரையைப் பார்க்கும்படி வைத்து, பெட்டியின் மூடியின் உட்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பதித்தனர். மூடியைச் சாய்வாகத் தூக்கி நிறுத்தினால் படம் கண்ணாடியில் விழும். அதைத்தான் வீட்டார் பார்த்தனர்.

இந்த உத்தியின் புகழ்பெற்ற வடிவம், 1939 ஏப்ரல் 30ஆம் நாள் தொடங்கிய நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆர்சிஏ நிறுவனம் காட்டிய டிஆர்கே-12. கிரேக்க வழிவந்த அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் வாசோஸ் உருவாக்கிய இப்பெட்டி, வால்நட் மரத்தின் மெல்லிய தகடுகளை ரேகை பொருந்த ஒட்டி, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் நின்றது. உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட வெற்றிடக் குழல்களும், 12 அங்குல வட்ட முகம் கொண்ட படக்குழாயும் இருந்தன. கண்ணாடியில் எல்லாமே இடம் வலம் மாறித் தெரியும் என்பதால், மின்கற்றை ஓடும் திசையை முன்கூட்டியே மாற்றி, குழாயில் தலைகீழான ஒழுங்கில் எழுதிய படம் கண்ணாடியில் நேராகும்படி செய்திருந்தனர். மூடியைச் சாத்திவிட்டால் அது வானொலிப் பேழையா, கோப்பைகள் வைக்கும் பெட்டியா என்று சொல்ல முடியாது. இந்த மறைப்பு அளவுக்கு மீறி வெற்றி பெற்றதாலோ என்னவோ, உள்ளே ஏதோ சித்து வேலை நடக்கிறது என்று பார்வையாளர் ஐயுறாதபடி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் முழுதும் ஊடுருவித் தெரியும் பெட்டி ஒன்றையும் அதே கண்காட்சியில் வைத்தனர். ஆக, மரத்தால் மூடிய பெட்டி வீட்டுக்கும், எலும்பு தெரியும் பெட்டி நம்பிக்கைக்கும் என்று இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன.

கூடத்தில் ஒரு கண்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்த வேகம் அதற்கு முன் எந்தக் கருவிக்கும் வாய்க்காதது. 1950இல் நூற்றுக்கு 9 வீடுகளில் இருந்த பெட்டி 1960இல் ஏறத்தாழ 87 வீடுகளில் இருந்தது. விலகு கோணம் இதற்குள் 1940களின் 50, 55 பாகைகளிலிருந்து 1950களின் முடிவில் 110 பாகைக்கு விரிந்து, குழாய் குட்டையாகி, படத்தை நேராகவே பார்க்க முடிந்ததால், கண்ணாடி மூடி தேவையற்றுப் போயிற்று. எனினும் மறைப்பு போகவில்லை. மூடி இருந்த இடத்தில் இரட்டைக் கதவு வந்தது. பழங்கால ஆங்கில, அமெரிக்க மரவேலைப் பாணிகளில் செய்த பேழைகளின் முகப்பில் பித்தளைக் கைப்பிடியுடன் அமைந்த கதவுகளைத் திறந்தால்தான் திரை தெரியும். கதவு வைத்த மாதிரிக்கு, அதே திரை உள்ள கதவில்லா மாதிரியைவிடக் கூடுதல் விலை.

இந்த முறை மறைக்க வேண்டியிருந்தது குழாயின் நீளத்தை அல்ல என்பதை, லின் ஸ்பிகல் 1992இல் வெளியிட்ட 'மேக் ரூம் ஃபார் டிவி' என்னும் ஆய்வு நூல் அக்கால மகளிர் இதழ்களையும் வீட்டலங்கார இதழ்களையும் கொண்டு விளக்குகிறது. விருந்தினர் வரும் கூடத்தில் இயந்திரத்தின் முகம் தெரிவது நயமற்றது என்றும், அணைந்திருக்கும் திரைகூட அறையை உற்றுப் பார்க்கும் கண்ணைப் போலத் தோன்றுகிறது என்றும் ஓர் உறுத்தல் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அதனால் பெட்டியைப் புத்தக அலமாரிக்குள்ளும், சுவர்ப் பலகைக்குப் பின்னும், ஓவியத்துக்குப் பின்னும் ஒளிக்கும் வழிகளை அவ்விதழ்கள் சொல்லிக்கொடுத்தன.

இதற்கு மாறான போக்கும் இருந்தது. 1958இல் பில்கோ நிறுவனம் வெளியிட்ட பிரெடிக்டா, படக்குழாயைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, தண்டின் மேல் சுழலும் தலையாக நிறுத்தி, ஒளிக்க ஒன்றுமில்லை என்று அறிவித்தது. இத்தாலியில் மார்கோ சனுசோவும் ரிச்சர்ட் சாப்பரும் பிரியோன்வேகா நிறுவனத்துக்காக 1969இல் வடிவமைத்த 'பிளாக்' என்னும் மாதிரி மூன்றாவது வழியொன்றைக் கண்டது. அது ஒரு கறுப்புக் கனசதுரம். மின்சாரம் அணைந்ததும் திரை கறுப்போடு கறுப்பாகக் கலந்து, எது முகம் எது முதுகு என்று தெரியாத பெட்டியாகிவிடும். கதவே இல்லாமல் மறைக்கலாம் என்ற அந்த எண்ணம் அரை நூற்றாண்டு கழித்து வேறு வடிவில் திரும்பி வந்தது.

சுருண்டு ஓடும் ஷட்டர்

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின், தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் பல, நான்கு மரக்கால்களும் முன்புறம் இழுத்துச் சாத்தும் ஷட்டரும் கொண்டவை. டயனோரா, சாலிடேர் போன்ற சென்னைப் பெயர்களை இன்றும் நினைவில் வைத்திருக்கும் தலைமுறைக்கு, அந்த ஷட்டர் நகரும் கடகட ஓசையும் நினைவில் இருக்கும்.

ஷட்டரின் அமைப்பு மரவேலையில் பழமையானது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய எழுதுமேசைகளின் சுருள் மூடியும் இதே வகைதான். விரல் அகலமுள்ள மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, பின்புறம் முரட்டுக் கித்தான் துணியை ஒட்டினால், ஒரு பக்கம் பலகை போல விறைப்பாகவும், மறுபக்கம் பாய் போல வளைவதாகவும் உள்ள ஒரு பரப்பு கிடைக்கிறது. சட்டங்களின் மேல் முனையும் கீழ் முனையும், பெட்டியின் உட்புறத்தில் வெட்டிய காடி எனப்படும் பள்ளத்தில் நுழைந்து ஓடும். காடி மூலையில் வளைந்து பக்கச் சுவரை ஒட்டிச் செல்வதால், திறக்கும்போது ஷட்டர் வெளியே விரியாமல் பெட்டியின் விலாவுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. கீல் வைத்த கதவைப் போல முன்னால் இடம் கேட்காத இந்த அமைப்பு சிறிய கூடங்களுக்குப் பொருந்தியது. மழைக்காலத்து ஈரத்தில் மரம் ஊதினால் சட்டங்கள் காடியில் இறுகிப் பாதியில் நிற்கும். காடியில் மெழுகு தேய்ப்பது அதற்குத் தச்சர்கள் சொல்லும் கைவைத்தியம்.

அமெரிக்கப் பேழைக் கதவுக்கும் சென்னை ஷட்டருக்கும் தோற்றம் ஒன்றானாலும் காரணம் ஒன்றல்ல. இங்கே தொலைக்காட்சி மறைக்க வேண்டிய அழகற்ற பொருளாக அல்லாமல், காக்க வேண்டிய விலை உயர்ந்த பொருளாகக் கருதப்பட்டது. தூசு, வெயில், குழந்தைகளின் கை ஆகியவற்றிலிருந்து திரையைக் காப்பது ஷட்டரின் முதல் வேலை. பல பெட்டிகளில் இருந்த சிறிய பூட்டு தேர்வுக் காலத்தில் பயன்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம் மட்டுமே இருந்ததால், திறப்பதற்கும் சாத்துவதற்கும் இயல்பான நேரங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை இரவின் 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம் என்று காத்திருந்து கூடியவர்களுக்கு, ஷட்டரைத் திறப்பது திரையரங்கில் திரை விலகுவதற்கு ஒப்பான தொடக்கமாக இருந்தது.

1982இல் வண்ண ஒளிபரப்பு வந்த பின் மரப்பெட்டியின் இடத்தை வார்ப்பு பிளாஸ்டிக் உறை பிடித்தது. தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட்டின் ஒளியைப் பெட்டியின் முகம் எந்நேரமும் பெற வேண்டியதாயிற்று. 1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியதை அடுத்துப் பெருகிய தனியார் அலைவரிசைகள் நாள் முழுவதையும் ஒளிபரப்பு நேரமாக்கின. சாத்துவதற்கென்று ஒரு நேரம் இல்லாமல் போனபோது சாத்தும் பொருளும் போயிற்று. பெட்டி ஷோகேஸின் நடுமாடத்துக்கு ஏறி, பொம்மைகளுக்கும் பரிசுக் கோப்பைகளுக்கும் இடையே தானும் ஒரு காட்சிப் பொருளாக அமர்ந்தது.

ஆழம் போய் அகலம் வந்தது

அமெரிக்காவில் மறைப்பின் கடைசிப் பெரிய அலை 1990களில் வந்தது. 36 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி முன்பின் 60 செ.மீ. ஆழமும் நூறு கிலோவை ஒட்டிய எடையும் கொண்டிருந்ததால், உடை வைக்கும் பழைய நிலை அலமாரியின் வடிவத்தில், அதனினும் ஆழமாகவும் உறுதியாகவும் செய்த பேழைகள் தொலைக்காட்சிக்கென்றே விற்கப்பட்டன. கதவைத் திறந்தபின் அப்படியே பக்கச் சுவருக்குள் தள்ளிவிடும் உள்நுழை கதவு இவற்றின் சிறப்பு; சறுக்குத் தண்டின் மேல் கீலைப் பொருத்தியதால், கதவு முதலில் விரிந்து, பிறகு பின்னோக்கி நழுவி மறைந்தது. ஆனால் உள்ளே போன கதவு அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. நாளெல்லாம் ஓடும் தொலைக்காட்சிக்குக் கதவு தடையாகவே இருந்தது.

2007ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் உலகச் சந்தையில் எல்சிடி தொலைக்காட்சிகளின் விற்பனை படக்குழாய்ப் பெட்டிகளை முதன்முறையாக விஞ்சியபோது, அந்த அலமாரிகளின் தேவையும் முடிவுக்கு வந்தது. புதிய திரைகளுக்கு ஆழம் வேண்டாம். ஆனால் அவை அந்த அலமாரிகளின் அகலத்துக்குள் அடங்கவில்லை. பழைய 21 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 43 செ.மீ., உயரம் 32 செ.மீ.; இன்று பரவலாக வாங்கப்படும் 55 அங்குலத் திரையின் அகலம் 122 செ.மீ., உயரம் 68 செ.மீ. பரப்பளவில் ஆறு மடங்கு. பெட்டியை மறைக்க வேண்டியிருந்த காலம் போய், சுவரையே அடைக்கும் கரிய பலகை ஒன்றை மறைக்க வேண்டிய காலம் வந்தது.

எழும் திரை, சுருளும் திரை

இப்போதைய மறைப்புகளில் அதிகம் பேசப்படுவது, தாழ்வான பேழைக்குள்ளிருந்து திரையை மேலே எழுப்பும் தூக்கி அமைப்பு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் உலோகக் குழல்களை, மோட்டாரால் சுழலும் திருகுத் தண்டு மெல்ல நீட்டுகிறது; மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் தொட்டதும் ஒரு சிறு விசை மோட்டாரை நிறுத்துகிறது. பேழையின் மேற்பலகை திரையின் தலையில் தொப்பி போலவே உயர்ந்துவிடும், அல்லது கீல் மடங்கிப் பின்னால் சாயும். திரையோடு சேர்ந்து மின்கம்பிகளும் ஏறி இறங்க வேண்டியிருப்பதால், அவை சிக்கிக்கொள்ளாமல் பூரான் போல மடங்கும் கண்ணிச் சங்கிலிக்குள் செலுத்தப்படுகின்றன.

விளம்பரப் படங்களில் தெரியாத ஒரு கணக்கு இதில் உண்டு. 65 அங்குலத் திரையின் உயரமே 81 செ.மீ. என்பதால், அதை முழுதும் விழுங்கும் பேழை ஒரு மீட்டரை நெருங்கியாக வேண்டும். திரை அதற்கு மேல் எழுந்து நின்றால், அதன் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். சோபாவில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டமோ அதைவிட ஓரடி தாழ்வு. ஆதலால் இத்தகைய பேழை, சாய்ந்து படுத்துப் பார்க்கும் கட்டிலின் கால்மாட்டுக்குப் பொருந்தும் அளவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கும் கூடத்துக்குப் பொருந்துவதில்லை. கூடத்தில் திரையைக் கண்மட்டத்திலேயே சுவரில் பொருத்தி, முன்னால் பக்கவாட்டில் நகரும் பலகைகளை வைப்பது எளிமையானது. மின்சாரம் இல்லாத வேளையிலும் கையால் தள்ளலாம்.

பெரு நிறுவனங்கள் தொலைக்காட்சியையே மரச்சாமானாக்க முயன்றதும் உண்டு. டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சென் 2019இல் அறிமுகப்படுத்திய பியோவிஷன் ஹார்மனியில், தாழ இருக்கும் 77 அங்குலத் திரையின் பெரும்பகுதியை மூடியிருக்கும் இரண்டு ஒலிபெருக்கிப் பலகைகள் விசிறி போல விரிய, திரை மேலே எழுகிறது. எல்ஜி நிறுவனம் 2020 அக்டோபரில் தென்கொரியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த தொலைக்காட்சியில் திரையே பாய் போலச் சுருண்டு ஒரு நீள்பெட்டிக்குள் போயிற்று. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி நுட்பத்தில் பின்னிருந்து விளக்கு தேவையில்லை என்பதால், வளையும் அளவுக்குத் திரையை மெல்லியதாக்க முடிந்தது. 10 கோடி வொன் என்ற அதன் விலை, அதைச் செல்வர் வீட்டு வியப்புப் பொருளாகவே நிறுத்திவிட்டது.

தச்சரிடம் சொல்ல வேண்டியவை

சாதாரண வீட்டில் கதவு வைத்த டிவி யூனிட் செய்ய விரும்புவோர் முதலில் கருத வேண்டியது வெப்பம். 55 அங்குல எல்இடி திரை 100 வாட் அளவில் மின்சாரம் கொள்ளும். அது ஏறக்குறைய முழுதும் வெப்பமாகவே முடிகிறது. கையேடுகள் பொதுவாகத் திரையைச் சுற்றிலும் 10 செ.மீ. இடைவெளி கேட்பதால், பேழையின் அடியில் காற்று நுழையவும் மேலே வெளியேறவும் துளைகள் விட வேண்டும்; கதவு மூடியிருக்கும்போது தொலைக்காட்சி ஓடக் கூடாது. இரண்டாவது ரிமோட்: பெரும்பாலான ரிமோட்டுகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் இயங்குவதால் அது பலகையை ஊடுருவாது. செட்டாப் பெட்டி இருக்கும் அறைக்குப் பிரம்புப் பின்னலால் கதவு போட்டால், கண்ணுக்கு மறைவும் ஒளிக்கு வழியும் காற்றுக்கு வாசலும் ஒருசேரக் கிடைக்கும். மூன்றாவது எடை: உயரமான அலமாரியின் கனத்த கதவுகள் ஒரே நேரத்தில் முன்னால் விரிந்தால் அது கவிழக்கூடும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் சுவரோடு திருகாணியால் பிணைப்பது கட்டாயம். நான்காவது அளவு: அடுத்துவரும் திரை இப்போதுள்ளதைவிடப் பெரிதாகவே இருக்கும் என்று கருதி உள்ளிடத்தை விட்டுவைப்பது, 1990களின் அலமாரிகள் கற்பித்த பாடம்.

படம் ஆகிவிட்ட மறைப்பு

சாம்சங் நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'தி ஃப்ரேம்' இந்த வரலாற்றை வேறு பக்கம் திருப்பியது. மரச்சட்டம் போன்ற விளிம்புடன் சுவரில் தொங்கும் அந்தத் திரை, பார்க்காத நேரத்தில் ஓர் ஓவியத்தைக் காட்டி, தன்னைத் தொலைக்காட்சி அல்ல என்று காட்டிக்கொள்கிறது. அறையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது அணைந்துவிடும் உணர்கருவியும் அதில் உண்டு. சனுசோவும் சாப்பரும் அணைந்த திரையைக் கறுப்புக்குள் மறைத்தார்கள். இங்கே எரிகிற திரையே மறைப்பாக இருக்கிறது.

இதில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. விக்ட்ரோலாவின் சிறு கதவும், டிஆர்கே-12இன் மூடியும், சென்னை ஷட்டரும் செலவின்றி மறைத்தன; சாத்தியபின் கருவி ஓய்வில் இருந்தது. ஓவியம் காட்டும் திரையோ மறைந்திருப்பதற்காகவே மின்சாரம் உண்கிறது, ஓய்வு கொள்வதில்லை. பழைய ஷட்டரைத் திறக்க ஒருவர் எழுந்து வர வேண்டியிருந்தது, நிகழ்ச்சி முடிந்ததும் மீண்டும் எழுந்து சாத்த வேண்டியிருந்தது. அந்த இரண்டு அசைவுகளுக்கு இடைப்பட்டதே தொலைக்காட்சி நேரம். இன்று கதவு வைத்த யூனிட்டைத் தச்சரிடம் சொல்லிச் செய்பவர்கள் மரத்துக்கும் கீலுக்கும் கூலிக்கும் கொடுக்கும் பணத்தில், சாத்துவதற்கென்று ஒரு நேரத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.